போக்கர் ஆட்டமும் நுழைவுப் பணமும்

அடி அண்ணாமலைக் கிரிவலப் பாதையோரத்தில், கைப்பேசியிற் பணம் வைத்துப் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடிய இளைஞரை முன்னர் யாம் கண்டதுண்டு. அவ்வாட்டம் திறமையோ, நல்லூழோ என்பது நெடுநாள் வழக்கு. திறமையே என்றது சென்னை உயர்நீதிமன்றம், 2023-இல். எதுவாயினும் இணையத்திற் பணம் வைத்தாடலாகாதென விலக்கியது 2025-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம். யாம் வினவுவது வேறு: தோற்கும் பணம் யாருடையது?

லாஸ் வேகாஸ் நகரில் நிகழும் உலகப் போக்கர் தொடரின் தலைமை ஆட்டத்திற்கு நுழைவுப் பணம் 1972 முதல் 10,000 டாலரே. விலைவாசி பன்மடங்கு உயர்ந்தும் அத்தொகை உயர்ந்திலது. ஆதலின் வாயிற்படி தாழ்ந்தது. 2003-இல் மணிமேக்கர் என்னும் கணக்கர் (பணம் பண்ணுவோன் எனப் பொருள்படும் இது புனைபெயரன்று!) நூறு டாலருக்கும் குறைந்த இணையத் தகுதியாட்டத்தின் வழியே புகுந்து 25 இலட்சம் டாலர் வென்றார். அச்செய்தி பல்லாயிரவரை ஈர்த்தது. 2023-இல் ஆடப் புகுந்தோர் 10,043 பேர்.

தொழின்முறை ஆட்டக்காரருட் பலரோ தம் நுழைவுப் பணத்தைப் பங்குகளாக விற்றுவிடுகின்றனர். வெற்றியைப் பகிர்ந்து, தோல்விக்கும் துணை தேடிக்கொள்கின்றனர். திறமை மிக்காரே தம் திறமையை இவ்வளவுதான் நம்புகின்றனர். சில நூறு ரூபாயுடன் புகுந்த நம்மூர் இளைஞனுக்கு அத்தகைய பங்காளி எவருளர்? அவன் தோற்றது முழுதும் வீட்டுப் பணம். அதனை வீட்டார் அறிந்ததும் பெரும்பாலும் தோற்ற பின்னரே.