இபோகா: வேர் அவர்களுடையது, விலை யாருடையது?

நந்தியாவட்டைச் செடியைத் தெரியாதவர்கள் நம் ஊரில் இருக்க மாட்டார்கள். கிளையை ஒடித்தால் பால் வடியும், வெள்ளைப் பூ பூக்கும், கோயில் நந்தவனத்தில் கட்டாயம் ஒன்று இருக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதர்ச்செடி நடு ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டின் மழைக்காட்டில் பெரிய மரங்களின் நிழலில் வளர்கிறது. அதன் பெயர் இபோகா. ஓர் ஆள் உயரம், இல்லை கொஞ்சம் கூட. சின்னச் சின்ன வெளிர்நிறப் பூக்கள், ஆரஞ்சு நிறத்தில் நீளமான பழம். பார்ப்பதற்கு ஒன்றும் விசேஷமில்லை. விசேஷமெல்லாம் மண்ணுக்கு அடியில், வேர்ப்பட்டையில் இருக்கிறது.

இந்தச் செடியைப் பற்றி இன்று உலகம் பேசுவது அதன் மருத்துவ குணத்துக்காக. ஆனால் இதில் ஒரு கணக்குப் பாடமும் இருக்கிறது. மூலப்பொருள் ஒருவரிடம், அறிவும் அவரிடமே, லாபம் மட்டும் வேறு ஒருவரிடம் என்றால் அந்தக் கணக்கு எப்படி டேலி ஆகும்?

முதலில் செடியின் கதை. காபோனின் காடுகளில் வாழும் பபோங்கோ, மிட்சோகோ, அபிந்ஜி போன்ற மக்கள் இந்த வேரைப் பல தலைமுறைகளாகப் பயன்படுத்துகிறார்கள். குட்டையான உடல்வாகு கொண்ட காட்டு மக்களான பபோங்கோக்களிடமிருந்துதான் மற்றவர்கள் இதைக் கற்றார்கள் என்று சொல்கிறார்கள். வேட்டைக்குப் போகிறவர்கள் களைப்பும் தூக்கமும் வராமல் இருக்கத் துளியூண்டு மெல்லுவார்கள். பெரிய அளவில் சாப்பிடுவது 'புவிட்டி' என்கிற சமயத்தின் தீட்சைச் சடங்கில் மட்டும். அப்போது இரவு முழுக்க இசையும் பாட்டும் இருக்கும். புதிதாகச் சேர்பவர் பக்கத்திலேயே அனுபவசாலிகள் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள். எவ்வளவு கொடுக்கலாம், எப்போது நிறுத்தலாம், யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் எழுதி வைக்காத மருத்துவப் புத்தகம் அது.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1901ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இந்த வேரிலிருந்து 'இபோகெய்ன்' என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1930களின் கடைசியில் பிரான்சில் இதை மாத்திரையாக்கி, சோர்வு போக்கும் ஊக்க மருந்தாக விற்றார்கள். அந்த மாத்திரைக்கு வைத்த பெயர் 'லம்பரேன்'. லம்பரேனே என்பது காபோனில் உள்ள ஓர் ஊரின் பெயர்! ஊர்ப் பெயரை லேபிளில் ஒட்டிவிட்டார்கள். அப்போது காபோன் பிரான்சின் காலனி. பங்கு கேட்க யார் இருந்தார்கள்? 1960களில் அந்த மாத்திரை கடையை விட்டுப் போனது.

அடுத்த திருப்பம் 1962ல் அமெரிக்காவில். ஹெராயினுக்கு அடிமையாகியிருந்த ஹோவர்ட் லோட்சாஃப் என்ற 19 வயது இளைஞர், வேறு ஒரு போதை என்று நினைத்து இபோகெய்னைச் சாப்பிட்டார். அது தெளிந்தபோது ஹெராயின் மேல் இருந்த வெறி போய்விட்டதைக் கவனித்தார். பிறகு வாழ்நாள் முழுக்க இதை மருந்தாக்க அலைந்தார். 1985ல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் அதற்குள் அமெரிக்கா இபோகெய்னை முற்றிலும் தடை செய்யப்பட்ட பட்டியலில் சேர்த்திருந்தது. அதனால் சிகிச்சை மெக்சிகோ போன்ற நாடுகளின் தனியார் விடுதிகளுக்குப் போனது. ஒரு முறை சிகிச்சைக்குக் கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர்.

இப்போது காற்று மறுபடி திசை மாறியிருக்கிறது. 2024 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. தலையில் அடிபட்ட 30 முன்னாள் படைவீரர்கள் மெக்சிகோவில் மெக்னீசியத்தோடு சேர்த்து இபோகெய்ன் எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் பெருமளவு குறைந்ததாக அந்த ஆய்வு சொன்னது. ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனாலும் பரபரப்பு பெரியது. 2025 ஜூனில் டெக்சஸ் மாநிலம் இபோகெய்ன் பரிசோதனைகளுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டது. இதிலிருந்து வரும் அறிவுசார் சொத்தில் மாநில அரசுக்கும் வணிகப் பங்கு உண்டு என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

இதில் தப்பில்லை. முதல் போட்டவர் பங்கு கேட்பது நியாயம்தான். கேள்வி என்னவென்றால், பல தலைமுறை அனுபவத்தை முதலாகப் போட்டவர்களுக்கு என்ன பங்கு?

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது வீட்டுக் கொல்லையில் வைத்துக் கஷாயம் போட்டுக் குடிக்கிற செடி இல்லை. இபோகெய்ன் இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும். 1990க்கும் 2008க்கும் இடையில், இதை எடுத்துக்கொண்ட சில நாட்களுக்குள் இறந்த 19 பேரைப் பற்றி ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை பட்டியலிட்டிருக்கிறது. அதில் பலருக்கு ஏற்கெனவே இதய நோய் போன்ற கோளாறுகள் இருந்தன, அல்லது கூடவே வேறு போதைப்பொருளும் எடுத்திருந்தார்கள். 'இயற்கையானது, அதனால் ஆபத்தில்லை' என்கிற வசனம் இங்கே செல்லாது. அரளியும் இதே குடும்பம்தான், மறந்துவிடக் கூடாது.

சரி, வளர்ப்புக்கு வருவோம். இபோகாவை வளர்ப்பது முடியாத காரியமில்லை. பழுத்த பழத்திலிருந்து எடுத்த விதை காயாமல் இருக்கும்போதே விதைக்க வேண்டும். நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், வெப்பம் வேண்டும், தண்ணீர் தேங்கவும் கூடாது. காபோன் கிராமங்களில் வீட்டுப் பக்கத்திலும் சடங்குக் கூடத்தின் பக்கத்திலும் நட்டு வைப்பது பழைய வழக்கம். சிக்கல் காலத்தில்தான் இருக்கிறது. வேர் அறுவடைக்குத் தயாராக ஐந்து ஆண்டுகளாவது வேண்டும், ஏழு ஆண்டுகள் என்றால் இன்னும் நல்லது. அதுவரை விவசாயிக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது. இலையையோ பூவையோ விற்பதென்றால் செடி பிழைத்துக்கொள்ளும். வேரை மொத்தமாகத் தோண்டினால் செடியே போச்சு. பக்கவேர்களை மட்டும் பதமாக எடுத்தால் செடியைக் காப்பாற்றலாம். அதற்குப் பொறுமை வேண்டும்.

திருடனுக்கு அந்தப் பொறுமை ஏன் இருக்கப்போகிறது? காட்டுக்குள் போய் யாரோ நட்ட, அல்லது தானாக முளைத்த செடியை ஒரே நாளில் பிடுங்கிவிடலாம். முதலீடு ஒரு மண்வெட்டி. ஏழு வருஷம் காத்திருக்கும் விவசாயியும், ஒரே நாளில் பிடுங்கும் திருடனும் ஒரே சந்தையில் போட்டி போட்டால் யார் மலிவாகக் கொடுப்பார்? இதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை.

காபோன் அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000ல் இபோகாவை தேசியச் செல்வமாக அறிவித்தது. உயிர்வளங்களையும் அதைச் சார்ந்த மரபு அறிவையும் பயன்படுத்துகிறவர்கள் பலனைப் பகிர வேண்டும் என்று சொல்லும் நாகோயா ஒப்பந்தத்தை, 2011லேயே ஏற்றுக்கொண்டது. 2019ல் இபோகா ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. 2023ல் ஒரு கிராமத்துச் சங்கம் வளர்த்த இபோகா, நாகோயா விதிகளின்படி உரிமத்தோடு ஏற்றுமதியானது. அளவு சிறியது, ஆனால் வழி சரியானது. காட்டில் பிடுங்கியதை விற்காமல் வளர்த்ததை விற்றார்கள். பணம் கிராமத்துக்கும் போகும்படி ஒப்பந்தம் போட்டார்கள்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் வோகாங்கா.

வோகாங்கா ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வளரும் சிறு மரம், அதே குடும்பம். அதன் பட்டையில் உள்ள 'வோகாஞ்சின்' என்ற பொருளை ஆய்வகத்தில் மாற்றினால் இபோகெய்ன் கிடைத்துவிடும். இபோகா போல ஒரே காட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம், தட்டுப்பாடும் குறைவு. நாளைக்கு முழுக்க முழுக்க ஆய்வகத்திலேயே தயாரிக்கவும் செய்வார்கள். காட்டில் உள்ள இபோகாவுக்கு இது நல்ல செய்தி, பிடுங்குவது குறையும். ஆனால் மரப்பட்டையைக் கானாவில் வாங்கினால் விலை கானாவுக்குப் போகும். ஆய்வகத்தில் செய்தால் விலை ஆய்வகத்துக்குப் போகும். 'இந்த மூலக்கூறு மனிதனுக்குள் என்ன செய்யும்' என்று உலகத்துக்குக் காட்டிய காபோன் மக்களுக்கு ஒன்றும் போகாது. போதாக்குறைக்கு, நாகோயா ஒப்பந்தத்துக்குத் தாயான உயிரிப் பல்வகைமை உடன்படிக்கையை அமெரிக்கா இன்றுவரை உறுதி செய்யவில்லை. பெரிய சந்தையே கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்கிறது.

எனவே பங்கு என்பது வேரின் எடையைப் பொறுத்து இருக்கக் கூடாது, அறிவைப் பொறுத்து இருக்க வேண்டும். இபோகாவிலிருந்து எடுத்தாலும் சரி, வோகாங்காவிலிருந்து எடுத்தாலும் சரி, குடுவையில் செய்தாலும் சரி, இபோகெய்ன் மருந்தாக விற்கும் ஒவ்வொருவரும் ஒரு சிறு சதவீதத்தை அந்த அறிவின் சொந்தக்காரர்களுக்குத் தர வேண்டும்.

இது கனவு போலத் தோன்றலாம். ஆனால் ஆப்பிரிக்காவிலேயே முன்மாதிரி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 'ரூய்போஸ்' என்ற புதரின் இலையில் தேநீர் போடுகிறார்கள், உலகம் முழுக்க விற்பனை. அந்த இலையின் பயனை முதலில் அறிந்தவர்கள் சான், கோய் மக்கள். பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2019ல் ஓர் ஒப்பந்தம் வந்தது. விவசாயியிடம் வாங்கும் இலையின் விலையில் 1.5 சதவீதத்தை அந்தத் தொழில்துறை இந்த மக்களுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு கம்பெனியோடு போட்ட தனி ஒப்பந்தம் இல்லை, தொழில் முழுவதற்குமான தீர்வை.

தனி ஒப்பந்தத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான் மக்களே சாட்சி. பசியை அடக்கும் 'ஹூடியா' செடிக்கு 2003ல் ராயல்டி ஒப்பந்தம் போட்டார்கள். அதே 2003ல் ஃபைசர் விலகியது, 2008ல் யூனிலீவரும் கைவிட்டது. எதிர்பார்த்த மருந்தும் வரவில்லை, எதிர்பார்த்த ராயல்டியும் வரவில்லை. லாபத்தில் பங்கு என்றால் லாபம் வந்தால்தான் பங்கு.

'உயிர் காக்கும் மருந்துக்குத் தீர்வை போட்டால் நோயாளிக்குத்தானே சுமை?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணத்தில் ஒன்றரை சதவீதம் என்பது விமான டிக்கெட் செலவுக்குக் கூடக் காணாது. மருந்தின் விலையை ஏற்றுவது காபோன் கிராமத்தின் பங்கு இல்லை. 'பணத்தை யாரிடம் கொடுப்பது, புவிட்டிக்கு ஒரு தலைமை அலுவலகமா இருக்கிறது?' என்றும் கேட்கலாம். இது இன்னும் கடினமான கேள்வி. ஆனால் கடன்காரன் வீட்டு விலாசம் தெரியவில்லை என்பதற்காகக் கடன் தீர்ந்துவிடாது. கிராமச் சங்கங்கள், விதை நாற்றங்கால்கள், ஐந்தாறு வருடம் காத்திருக்கும் விவசாயிக்கு இடைக்கால உதவித்தொகை என்று பணத்தைச் செலுத்த வழி நிறைய இருக்கிறது. இப்படிச் செய்தால் திருடனோடு விவசாயி போட்டி போடவும் முடியும்.

நித்தியகல்யாணியின் கதையை நாம் மறக்கக் கூடாது. மடகாஸ்கரில் பிறந்த செடி, நம் ஊர் சுடுகாடு வரைக்கும் பரவி, தமிழ்நாட்டில் வயலிலும் பயிராகிறது. அதிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன, எத்தனையோ குழந்தைகள் ரத்தப் புற்றிலிருந்து பிழைத்தார்கள். பிறந்த மண்ணுக்கு அந்த லாபத்தில் பங்கு கிடைக்கவில்லை. அது உலகெங்கும் பரவிவிட்ட செடி, எந்த நாட்டு மக்களின் அறிவு என்று அப்போது கேட்பதற்குச் சட்டமும் இல்லை. இபோகா அப்படி இல்லை. செடி இன்னும் தன் வீட்டிலேயே இருக்கிறது. அதை அறிந்தவர்கள் இன்னும் உயிரோடு, அதே காட்டில், அதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். சட்டமும் இருக்கிறது. மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை.

பங்கு பிரிப்பதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் லாபம் வருவதற்கு முன்புதான். வந்த பிறகு பேசினால் அதற்குப் பெயர் பங்கு இல்லை, நன்கொடை.