கால் அங்குலக் கிறுக்கல்

நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 மீட்டர் காகிதம். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஒரு பேனா அதில் கோடுகளாக வரைந்துகொண்டே போகும். அத்தனையையும் கண்ணால் அலசுவது ஒரே ஒரு மாணவியின் வேலை. 1967-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஜோஸ்லின் பெல்லுக்கு அப்போது வயது 24. அந்தத் தொலைநோக்கியைக் கட்ட வயல்வெளியில் சம்மட்டி பிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

ஆகஸ்ட் மாதச் சுருளில் கால் அங்குலத்துக்கு ஒரு கிறுக்கல். நானாக இருந்தால் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். அவரோ அதே கிறுக்கல் வானத்தின் அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். நவம்பர் 28-ஆம் தேதி காகிதத்தை வேகமாக ஓடவிட்டதும் கிறுக்கல் தனித்தனித் துடிப்புகளாகப் பிரிந்தது. 1.337 விநாடிக்கு ஒன்று, கொஞ்சமும் பிசகாமல்!

ஏதோ மனிதக் கருவியின் இடையூறு என்றுதான் அவருடைய பேராசிரியர் ஆன்டனி ஹியூயிஷ் முதலில் நினைத்தார். வேற்றுக்கிரகவாசிகளோ என்று பாதி வேடிக்கையாக 'குட்டிப் பச்சை மனிதர்கள்' எனப் பெயரும் வைத்தார்கள். டிசம்பரில் வானத்தின் வேறொரு மூலையிலிருந்து இன்னொரு துடிப்பை ஜோஸ்லினே கண்டுபிடித்தார். அதோடு பச்சை மனிதர்கள் கதை முடிந்தது.

பெரிய நட்சத்திரம் வெடித்துச் சிதறும்போது அதன் நடுப்பகுதி நொறுங்கி இறுகுகிறது. சூரியனைவிட அதிக எடை, குறுக்களவோ சுமார் 20 கிலோமீட்டர்தான். சாங்கியிலிருந்து ஜூரோங் போகும் தூரம்கூட இல்லை! இந்த நியூட்ரான் நட்சத்திரம் சுழலும்போது அதன் கதிர், கலங்கரை விளக்கின் ஒளிபோல நம்மைத் தடவிச் செல்கிறது. அதுதான் பல்சர். நண்டு நெபுலாவில் உள்ளது விநாடிக்கு 30 முறை சுழல்கிறது.

செய்தி வெளியானதும் நிருபர்கள் ஹியூயிஷிடம் அறிவியலைக் கேட்டார்கள். ஜோஸ்லினிடம் எத்தனை ஆண் நண்பர்கள் என்று கேட்டார்கள். 1974-இல் ஹியூயிஷும் மார்ட்டின் ரைலும் நோபல் பரிசு பெற்றார்கள். ஜோஸ்லின் பெயர் அதில் இல்லை. மாணவர்களுக்கு அப்பரிசு தருவது சரியல்ல என்று அவரே பிற்பாடு பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. அலுவலகத்தில் இரவெல்லாம் விழித்து அறிக்கை தயாரித்து, மேலதிகாரியின் பெயரில் அது போவதைப் பார்த்தவர்களுக்கும் ஒப்பாது.

2018-இல் பிரேக்த்ரூ பரிசு அவரைத் தேடி வந்தது. 3 மில்லியன் அமெரிக்க டாலர். அதில் தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. இயற்பியலில் அதிகம் இடம் கிடைக்காத பெண்கள், சிறுபான்மையினர், அகதிகள் முனைவர் பட்டம் படிக்கட்டும் என்று முழுவதையும் கொடுத்துவிட்டார்.