அண்ணனா, தம்பியா? ஜப்பான் மொழி கேட்கும் கேள்வி!

விழுப்புரத்துப் பையன் ஒருவன் ஜப்பான் மொழி படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்திலேயே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"ஹஹ" என்றால் அம்மா. "சிச்சி" என்றால் அப்பா!

வீட்டில் சொல்லிப் பார்த்தால், "பெற்ற தகப்பனையா சிச்சீ என்கிறாய்?" என்று பாட்டி விளக்குமாற்றைத் தேடுவாள்.

பாட்டி கோபப்பட வேண்டாம். ஜப்பானிலும் அப்பாவை நேரில் அப்படிக் கூப்பிடுவதில்லை. "ஒதோஸன்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவை "ஒகாஸன்" என்பார்கள். வெளியாரிடம் தன் பெற்றோரைப் பற்றிப் பேசும்போதுதான் "சிச்சி", "ஹஹ". அடுத்தவர் பெற்றோரைச் சொல்லும்போது மறுபடி "ஒதோஸன்", "ஒகாஸன்".

தன் வீட்டைத் தாழ்த்திச் சொல்வது, பிறர் வீட்டை உயர்த்திச் சொல்வது. இதுதான் அவர்கள் வழக்கம். விருந்தாளியிடம், "ஏதோ எங்கள் வீட்டுக் கூழ், சாப்பிடுங்கள்" என்று தமிழர்கள் சொல்வதில்லையா? அதே பணிவுதான்.

ஆங்கிலத்தில் இல்லாதது

ஆங்கிலத்தில் "பிரதர்" என்றால் அண்ணனா, தம்பியா என்று தெரியாது. ஜப்பான் மொழியில் தெரிந்தாக வேண்டும். அண்ணன் "அனி". தம்பி "ஒதோதோ". அக்கா "அனே". தங்கை "இமோதோ". ஆங்கிலேயர் இதைப் புதிதாகப் படிக்கவேண்டும். திண்டிவனத்துக் குழந்தைக்கு இது தாய்ப்பாலோடு வந்தது.

இன்னொன்று. அத்தை, சித்தி எல்லோருக்கும் "ஒபஸன்". பாட்டிக்கு "ஒபாஸன்". குறிலை நெடிலாக்கினால் சித்தி பாட்டியாகிவிடுவாள்! ஆங்கில எழுத்தில் இந்த வேறுபாடு எளிதில் மறைந்துவிடும். தமிழ் எழுத்தில் ஒரு கால் போட்டால் போதும்.

எங்கே வழுக்கும்?

தமிழ் தெரிந்தால் எல்லாம் வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. "அனே" என்பது "அண்ணே" போலக் கேட்கிறது. ஆனால் அது அக்கா!

பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் பேச்சில் "ஒஜிஸன்"தான். பெரியப்பா மகனைத் தமிழர் அண்ணன் என்பர். ஜப்பானில் அவர் "இதோகோ". "எனக்கு ஏழு அண்ணன்கள்" என்று பையன் பெருமையாகச் சொன்னால், ஏழு பேரையும் ஒரே தாய் பெற்றாள் என்று எண்ணிக்கொள்வார்கள்.

தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் தொடர்பு உண்டு என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஒனோ (1919-2008) வாதாடினார். பெரும்பாலான மொழியறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு எப்படியும் போகட்டும். பாடம் படிக்க, தமிழ் நல்ல ஏணி. அதுதான் முக்கியம்.

செய்ய வேண்டியது என்ன?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனிகள் இருக்கின்றன. ஜப்பான் மொழித் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். ஐந்து படிகளில் முதல் படி "என்-5". விழுப்புரத்தில் இருந்தும் திண்டிவனத்தில் இருந்தும் சென்னைக்கு ரெயில் உண்டு, பஸ் உண்டு.

தடையாக நிற்பது ஆங்கிலம்தான். ஜப்பான் மொழிப் பாடப் புத்தகங்களில் விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை இரண்டு சுவர் ஏறிக் குதிக்க வேண்டியிருக்கிறது. அண்ணனை "பிரதர்" ஆக்கி, பிறகு "அனி" ஆக்குவது, மூக்கைத் தலையைச் சுற்றித் தொடும் வேலை!

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே மாலை நேரத்தில், தமிழ் வழியாகவே ஜப்பான் மொழியைச் சொல்லிக் கொடுக்கலாம். முதல் பாடம் குடும்பமாக இருக்கட்டும். அம்மா, அப்பா, அண்ணன், தங்கை. இவர்களைப் பற்றிப் பேச எந்தப் பிள்ளைக்கும் கூச்சம் இருக்காது.

கூச்சம் போனால் பாதி மொழி வந்த மாதிரி. மீதிப் பாதி உழைப்பு. அதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் அஞ்சியவர்கள் அல்ல!