நான்கு கட்டங்களும் நாற்பது பேரும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய வகுப்புக்காரர்கள் கண்டுபிடித்தாலும் கீழே எழுதிவிடாதீர்கள்.

காபி குடித்து முடிப்பதற்குள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தாராம். அதில் தொழிலாளர்களை நான்கு கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள்: பணத்துக்காக உழைப்பவர், பாராட்டுக்காக உழைப்பவர், பாதுகாப்பைத் தேடுபவர், முன்னேறத் துடிப்பவர். ஒவ்வொரு கட்டத்திலும் தன் ஆட்களின் பெயர்களைப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். தாளின் அடியில் ஐந்தாவதாக அவரே ஒரு கட்டம் போட்டிருந்தார். அதன் தலைப்பு: "தேறாது". அதில் பதினோரு பெயர்கள்.

அதில் முதல் பெயரைக் காட்டி, இவர் யார் என்று கேட்டேன்.

"ஓவர்லாக் டெய்லருங்க சார். நல்ல கை. ஆனா ஒரு ஷிப்ட் முடிஞ்சதும் பையை எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. ஒன்றரை ஷிப்டுக்கு நிக்கவே மாட்டாங்க. கூட்டித் தர்றேன்னு சொல்லியும் பார்த்துட்டேனுங்க."

"ஏன்னு கேட்டியாப்பா?"

"கேக்க என்னங்க சார் இருக்கு? வேலையில அக்கறை இல்லைன்னுதான் தெரியுதுங்களே."

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். இன்றைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியை இருந்தார். பத்தாம் வகுப்பில் அவருடைய பாடத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. ஆண்டு விழா மேடையில் அவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினேன். "மற்றவர்களும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று ஒலிபெருக்கியிலும் சொன்னேன். பெரிய ஊக்கம் கொடுத்துவிட்டதாக எனக்குப் பெருமை. மறுநாள் முதல் ஆசிரியர் அறையில் அவரோடு பலர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே அவர் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். சிறப்பு வகுப்பை மாலைக்குப் பதில் காலையில் வைத்துக்கொள்ளலாமா என்று. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கேட்டது ஒரு மணி நேர மாற்றம். நான் கொடுத்தது பொன்னாடை. அடுத்து வந்த மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதைப் பலமுறை வகுப்பில் நடத்தியவன் நான். நடத்துவது வேறு, நடப்பது வேறு.

ஆட்களை வகை பிரிப்பது புதிய ஆசை இல்லை. அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் சேர்ந்து உருவாக்கிய மையர்ஸ்-பிரிக்ஸ் முறை மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது. உங்களில் ஐ.டி. கம்பெனிகளில் இருப்பவர்கள் எழுதிப் பார்த்திருப்பீர்கள். இருவருமே உளவியல் படித்துப் பட்டம் பெற்றவர்கள் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. தன்னைப் பற்றி யோசித்துப் பார்க்க அது உதவலாம். அடுத்தவருக்குத் தீர்ப்பு எழுத உதவாது.

பெயரைக் கட்டத்தில் எழுதிவிட்டால் நம் கண்ணே மாறிவிடுகிறது. ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் ரோசென்தால், ஜேக்கப்சன் ஆய்வைப் படித்திருப்பீர்கள். கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளி. சில குழந்தைகளின் பெயர்களைச் சொல்லி, "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக மலர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் முறையில் எடுத்தவை. ஆண்டு முடிவில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தக் குழந்தைகள் சோதனையில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். 1968இல் இது புத்தகமாக வந்தது. எவ்வளவு தூரம் இதை நம்பலாம் என்று பின்னால் நிறைய வாதம் நடந்தது. ஆனால் முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றவனுக்கு இதில் உள்ள உண்மை புரியும். நல்ல பையன் என்று நினைத்தவன் தப்பாகப் பதில் சொன்னால் இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம். மக்கு என்று நினைத்தவன் சொன்னால் "உட்கார்" என்போம்.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்தார். சம்பளம், மேற்பார்வை, வேலையிடத்தின் நிலைமை இவையெல்லாம் சரியில்லை என்றால் மனம் கசக்கும். ஆனால் இவை சரியாக இருப்பதாலேயே வேலையில் ஆர்வம் வந்துவிடாது. செய்து முடித்த நிறைவு, அதைப் பிறர் மதிப்பது, பொறுப்பு, வேலையின் தன்மை ஆகியவற்றிலிருந்துதான் ஆர்வம் வருகிறது என்றார். என் கணக்கு இன்னும் எளிது. சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமை கைக்கு வருகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது சரியாகாமல் ஆட்களின் குணத்தை ஆராய்வது, பசித்தவனுக்கு ஜாதகம் பார்க்கிற கதை.

"நாற்பது பேர்கிட்டயும் தனித்தனியா பேச எனக்கு எங்கங்க சார் நேரம்?" என்றார். நியாயமான கேள்விதான். "நாற்பது பேர் வேண்டாம், ஐந்தாவது கட்டத்தில் இருக்கிற பதினோரு பேரிடம் மட்டும் பேசு. ஏன் இப்படி என்று அதட்டாதே. உனக்கு என்ன மாறினால் வேலை சுலபமாகும் என்று கேள்" என்றேன்.

பத்து நாள் கழித்து போன் செய்தார். அந்த ஓவர்லாக் அம்மாவால் மாலையில் இருக்க முடியாது. ஆனால் காலையில் இரண்டு மணி நேரம் முன்னதாக வரத் தயார். இதை அவர் இரண்டு வருடத்துக்கு முன்பே சூபர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். அது முதலாளியின் காதுக்கு வரவே இல்லை. கம்பெனி மாறிக்கொண்டே இருக்கிறான் என்று எழுதப்பட்டிருந்த பையன், மெஷினில் உட்காரக் காத்திருக்கும் ஹெல்பர். எந்தக் கம்பெனியிலும் அவனுக்கு யாரும் தொழில் சொல்லித் தரவில்லை. எங்கே சொல்லித் தருகிறார்களோ அங்கே நிற்பேன் என்றானாம். இன்னொருவரிடம் எத்தனை முறை பேசியும் ஒன்றும் நகரவில்லை. அப்படியும் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. பதினோரு பேரும் அப்படித்தான் என்று முடிவு கட்டியதுதான் தவறு.

ஆளுக்கொரு சலுகை கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா என்று சிலர் கேட்பீர்கள். சம்பளத்திலும் மரியாதையிலும் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். நேரம், பொறுப்பு, பாராட்டும் விதம் இவற்றில் ஆளைப் பார்த்து நடப்பதில் தவறில்லை. ஏன் என்பதை எல்லோர் முன்னும் சொல்லிவிட்டால் போதும்.

உங்களில் பலர் இன்று மேனேஜர், முதலாளி, தலைமையாசிரியர். வகைகளைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள். பக்கத்தில் ஓர் அழிப்பானும் இருக்கட்டும்.

நான் சொன்ன அந்த ஆசிரியையும் இந்தப் பதிவைப் படிப்பார் என்று நினைக்கிறேன். அம்மா, அந்த வகுப்பைக் காலையிலேயே வைத்திருக்கலாம். கேட்காமல் விட்டது என் தவறு.

மற்றவர்கள், நீங்கள் ஒரு வேலையை விட்டதற்கு உண்மையான காரணம் என்ன, அதை உங்களிடம் யாராவது கேட்டார்களா என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா