ஃபைபர் வந்தாச்சு... கரண்ட் போனால்?

தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் இப்போது ஒரே காட்சிதான். மின்கம்பத்துக்கு மின்கம்பம் கறுப்பு ஒயர்கள் தொங்குகின்றன. ஒன்றிரண்டு அல்ல, பத்துப் பதினைந்து. நடுநடுவே வளையம் வளையமாகச் சுருட்டிக் கட்டியும் வைத்திருக்கிறார்கள். அதில் பாதி பழைய கேபிள் டிவி ஒயர், மீதி ஃபைபர். எது உயிரோடு இருக்கிறது, எது எப்போதோ செத்துப்போனது என்பது அந்த ஏரியா கேபிள்காரருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

இந்தக் கேபிள்காரர் நம் வீடுகளுக்குப் பழைய சொந்தம். 1991-ல் வளைகுடாப் போர் நடந்த சமயத்தில்தான் மொட்டை மாடியில் பெரிய டிஷ் வைத்துத் தெருவுக்கே ஒயர் இழுக்கும் தொழில் நாடு முழுக்கச் சூடுபிடித்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்ததும் தமிழ்நாட்டில் அவர் இல்லாமல் முடியாது என்றானது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2017-ல் வீடுவீடாக செட்டாப் பாக்ஸ் கொடுத்தார்கள். 2019 பிப்ரவரியில், பார்க்கும் சேனலுக்கு மட்டும் பணம் என்ற டிராய் விதி அமலுக்கு வந்தபோது, எந்தச் சேனல் வேண்டும் என்று நோட்டும் கையுமாக அலைந்ததும் அவர்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ ஃபைபர் மாதம் 699 ரூபாயில் தொடங்கியது. அடுத்த ஆண்டே 399 ரூபாய்க்கு ஒரு திட்டம் வந்துவிட்டது. அது கொரோனா காலம். பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, அப்பாவுக்கு வீட்டிலிருந்தே வேலை என்று வீடுகள் தவித்துக்கொண்டிருந்த நேரம். பி.எஸ்.என்.எல்., ஏர்டெல் எல்லாமே ஃபைபரில் வேகம் காட்டின. பல ஊர்களில் பி.எஸ்.என்.எல். ஃபைபரை வீட்டுக்கு இழுத்துக் கொடுப்பதே அந்த ஊர் கேபிள்காரர்தான். வருமானத்தில் அவருக்கு ஒரு பங்கு. இதோடு 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோக டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனமும் இருக்கிறது.

ஆக, முன்பு வீட்டுக்குள் தனித்தனியாக வந்த போன் ஒயரும் கேபிள் ஒயரும் இணையமும் இப்போது ஒரே இழையில் வருகின்றன. ஒரே பில், ஒரே ஆள். வசதிதான். ஆனால், அந்த ஒன்று நின்றால் மூன்றும் நிற்கும் என்பதை விற்க வருபவர்கள் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

முதலில் அந்த இழையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பார்க்க வேண்டிய பொருள்தான். கறுப்பு ஒயருக்குள்ளே இருக்கும் கண்ணாடியின் தடிமன் 125 மைக்ரான். தலைமுடியைவிடச் சற்றே தடிமன், அவ்வளவுதான். அதிலும் வெளிச்சம் ஓடுவது நட்டநடுவில் இருக்கும் 9 மைக்ரான் பகுதியில். சினிமா, சீரியல், ஆன்லைன் வகுப்பு, சிங்கப்பூரிலிருந்து வரும் வீடியோ கால், எல்லாம் அதற்குள்தான். வளைந்த கண்ணாடி இழை வழியே வெளிச்சத்தை அனுப்பலாம் என்று லண்டனில் செய்துகாட்டி, 1954-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. இதே கண்ணாடியைச் சுத்தமாகச் செய்தால் செய்தியைக் கிலோமீட்டர் கணக்கில் அனுப்பலாம் என்று 1966-ல் சொன்னவர் சார்லஸ் காவ். அவருக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. கபானிக்குக் கிடைக்காமல் போனதில் இங்கே பலருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

இந்த இழை கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமிலிருந்து கிளம்புகிறது. வழியில் ஏதோ ஒரு கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் பெயர் ஸ்ப்ளிட்டர். ஒரு இழையில் வரும் வெளிச்சத்தை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக்கொடுப்பது அதன் வேலை. பழைய கேபிள் டிவியில் தெருவுக்குத் தெரு ஆம்ப்ளிஃபயர் வைத்து அதற்குக் கரண்ட்டும் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட்டே வேண்டாம். வெளிச்சத்தைப் பிரிக்க எதற்குக் கரண்ட்? ஃபைபரின் பெரிய பலமே இதுதான்.

பலவீனம் இரண்டு முனைகளில் இருக்கிறது.

பழைய லேண்ட்லைன் போன் நினைவிருக்கும். புயலோ மழையோ, ஊரே இருட்டில் கிடந்தாலும் அது மட்டும் மணி அடிக்கும். அதில் மாயம் ஒன்றும் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரிகள் இருக்கும். அங்கிருந்து 48 வோல்ட் மின்சாரம் அதே செம்புக் கம்பி வழியாக வீட்டு போனுக்கு வந்துகொண்டே இருக்கும். கண்ணாடியில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் போடும்போது பழைய நம்பரையே கொடுத்துவிடுகிறார்கள். பழைய போனையே மோடத்தில் மாட்டியும் விடுகிறார்கள். பெரியவர்களும் எதுவும் மாறவில்லை என்றே நினைக்கிறார்கள். முதல் மின்வெட்டில்தான் தெரிகிறது, ரிசீவரை எடுத்தால் டயல் டோன் இல்லை.

பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இது சின்ன விஷயமே அல்ல. பல வீடுகளின் உள்ளே மொபைல் சிக்னல் சரியாக எடுக்காது. வாட்ஸ்அப் கால் வைஃபையில்தான் வரும். வாசலில் மாட்டிய கேமராவும் அதே வைஃபைதான். கரண்ட் போனால் போன், கால், கேமரா மூன்றும் ஒரே நொடியில் போய்விடுகின்றன.

அமெரிக்காவில் இதற்காகவே 2015-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். வீட்டு போன் சேவை தரும் நிறுவனம், கரண்ட் இல்லாதபோது 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை, வாடிக்கையாளர் விரும்பினால் விலைக்காவது கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகளில் அது 24 மணி நேரத்துக்கானதாக உயர வேண்டும் என்றும் இருந்தது. அந்த விதி 2025 வரை அமலில் இருந்தது. நம் ஊரில் இந்த ஏற்பாட்டை வீட்டுக்காரரே செய்துகொள்வதுதான் நடைமுறை. நல்லவேளையாக, அதற்கு அதிகச் செலவும் இல்லை.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். மின்வெட்டில் ஃபேன் ஓடும், லைட் எரியும், நெட் மட்டும் இருக்காது. காரணம், மோடத்தை டிவிக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டியிருப்பார்கள். லோடு அதிகம் என்று அந்த பிளக்கை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்காமல் விட்டிருப்பார் எலெக்ட்ரீஷியன். மோடம் எடுத்துக்கொள்வது ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு அளவு கரண்ட்தான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயின்ட்டை மாற்றித் தரச் சொன்னால் அரை மணி நேர வேலை. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு, மோடத்துக்கென்றே கைக்கு அடக்கமான மினி யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஆனாலும் அளவு மாறி மாட்டினால் மோடமே போய்விடும்.

வீட்டு முனையைச் சரிசெய்தால் பாதிக் கிணறுதான். மறுமுனையான கன்ட்ரோல் ரூமில் கரண்ட் நின்றால் நம் வீட்டு மினி யு.பி.எஸ். வெறும் பச்சை விளக்கை எரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் கனெக்‌ஷன் எடுக்கும் முன்பு கேபிள்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எத்தனை எம்.பி.பி.எஸ்.?” என்பது அல்ல. “கரண்ட் போனா உங்க பக்கம் எவ்வளவு நேரம் தாங்கும்ணே?” என்பதுதான். ஜெனரேட்டர் வைத்திருப்பவர் பெருமையாகவே சொல்வார். மழுப்பினால் புரிந்துகொள்ளலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபைபர் என்று விற்றாலும், பல கட்டடங்களில் அது மொட்டை மாடி வரையோ மாடிப்படி வரையோதான் வருகிறது. அங்கே ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்து, அதிலிருந்து வீட்டுக்குச் சாதாரண லேன் ஒயரை இழுத்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குக் கட்டடத்தின் பொது மின்சாரம் வேண்டும். ஆக, அங்கே கவலைப்பட வேண்டிய முனைகள் மூன்று. கண்டுபிடிப்பது சுலபம். வீட்டுக்குள் வரும் ஒயரின் நுனியில் பச்சையோ நீலமோ நிறத்தில் சதுரமான பிளக் இருந்தால் ஃபைபர். பழைய போன் ஒயரில் இருப்பதுபோல, சற்றுப் பெரிதாக, கண்ணாடி நிற பிளாஸ்டிக் கிளிப் இருந்தால் லேன்.

டிவி விஷயத்துக்கு வந்தால், “டிவியும் ஃப்ரீ சார்” என்ற ஒரு வரியில் பல சமாசாரங்கள் ஒளிந்திருக்கின்றன. சில இடங்களில் ஒரே கண்ணாடி இழையில், இணையம் ஓடும் நிறத்தில் இல்லாமல் வேறொரு நிற வெளிச்சத்தில் கேபிள் டிவி தனியாக வருகிறது. நிறம் என்றாலும் கண்ணுக்குத் தெரியாத நிறம். அங்கே இணையத்தில் மட்டும் கோளாறு என்றால் சீரியல் நிற்காது. வேறு சில இடங்களில் டிவியே இணையம் வழியாகத்தான் வருகிறது. நெட் போனால் சேனலும் போச்சு. இன்னும் சிலர் நாலைந்து ஓ.டி.டி. ஆப்பை மட்டும் கொடுத்துவிட்டு அதைத்தான் டிவி என்கிறார்கள். இதில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பழைய கேபிளைத் துண்டித்துவிடக் கூடாது. மூன்றாம் நம்பரை அழுத்தினால் தன் சேனல் வரும் என்று இருபது வருஷமாகப் பழகிய பாட்டியிடம், ஆப்பைத் திறந்து, புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, தேடிப் பார்க்கச் சொல்வது கொடுமை. ஒரு மாதம் இரண்டையும் வைத்திருந்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் பெரிதாக இல்லை.

வேகத்துக்கு அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு ஹெச்.டி. படம் ஓட 5 எம்.பி.பி.எஸ். இருந்தாலே போதும். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 50 தாராளம். 300 போட்டும் படுக்கையறையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் பழி ஃபைபர் மேல் இல்லை, நடுவில் நிற்கும் சுவர்கள் மேல்தான். மோடத்தை டிவிக்குப் பின்னாலோ பரணிலோ ஒளித்துவைக்காமல் வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் வைத்தாலே பாதிப் பிரச்னை தீரும். விலையைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. விளம்பரத்தில் சொல்லும் தொகைக்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டச் சொன்னால், ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுக் கட்டலாம்.

மழைக்காலம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்தில் தொங்கும் ஃபைபர் கம்பத்தோடுதான் விழும். புயல்கூட வேண்டாம். உயரமாகச் சுமை ஏற்றிய ஒரு லாரி போதும், ஒரு ஜே.சி.பி. போதும், ஒயரைக் கடித்துப் பார்க்கும் அணில்கூடப் போதும்.

அப்படி அறுந்தால் மோடமே சொல்லிவிடும். அதில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும். வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது பத்து முறை ஆஃப் செய்து ஆன் செய்வதால் ஒரு பயனும் இல்லை. ஒயர் எங்காவது கதவிடுக்கில் நசுங்கியோ, ஆணியில் இறுக்கமாக மடங்கியோ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். கண்ணாடி என்பதால் கூர்மையாக மடிந்தாலே வெளிச்சம் கசிந்துவிடும். பிளக்கைக் கழற்றி அதன் நுனிக்குள் உற்றுப் பார்க்கவே கூடாது. வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். குழந்தைகளிடமும் சொல்லிவைக்க வேண்டும். சிவப்பு விளக்கு இல்லாமல் நெட் மட்டும் வரவில்லை என்றால், அப்போது ஒருமுறை ஆஃப் செய்து பார்க்கலாம்.

மற்றதெல்லாம் கேபிள்காரரின் வேலை. பழைய ஒயர் என்றால் பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போய்விடுவார். கண்ணாடியை அப்படி ஒட்ட முடியாது. இரண்டு நுனிகளையும் நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். தூசியோ மழைத்துளியோ பட்டால் ஒட்டு நிற்காது. அதனால்தான் நெட் போன இரவில் நாலு தரம் போன் செய்தாலும், “மழை விடட்டும், வர்றேன்” என்கிறார். பெரும்பாலான நேரம் அது சாக்கு இல்லை, உண்மைதான்.