தகப்பனார் விட்டுச்சென்ற துப்பாக்கி

மயிலாப்பூர் மாடவீதிக்கு அருகில் குடியிருக்கும் ஓர் அம்மையார், ஓய்வுபெற்ற ஆசிரியை, நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் சித்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் கடலை பயிரிட்டு வாழ்ந்தவர். காட்டுப்பன்றி தொல்லைக்காக லைசென்சு பெற்று இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். பெரியவர் மறைந்தார். நிலம் பங்காயிற்று, நகையும் பாத்திரமும் பங்காயின. துப்பாக்கி மட்டும் பீரோவில் நின்றது. அதைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை.

“காரின் பின்பெட்டியில், பழைய புடவைகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோய்விடு, யார் பார்க்கப்போகிறார்கள்?” என்றாராம் உறவினர் ஒருவர். ‘நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக்கொடுத்த நான், இந்த வயதில் கள்ளத்தனம் கற்கவேண்டுமா?’ என்று அம்மையார் நம்மைக் கேட்கிறார்.

கற்க வேண்டியதில்லை, தாயே! கற்கவும் கூடாது. லைசென்சு துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. அதை வைத்திருக்கும் ஆளுக்கு உரியது. ஆள் மறைந்தால் அந்த அனுமதி மகளுக்குத் தானாக வந்துவிடாது. உறவினர் சொன்ன யோசனையைக் கேட்டிருந்தால், தந்தையின் நினைவுப்பொருள் மகளுக்குக் கைவிலங்காக மாறியிருக்கும். 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டத்தின்படி, லைசென்சு இன்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாத, ஐந்து ஆண்டு வரை நீளக்கூடிய சிறைவாசம். குற்றவாளிக்கு அந்தத் தண்டனை தகும். ஆனால், வழி தெரியாத வாரிசும் அதே கூண்டில் நிற்க நேரலாம் என்பதைத்தான் ஆளவந்தார்கள் எண்ணிப் பார்க்கவேண்டும் என்கிறோம்.

சித்தூரும் சென்னையும் ஒரு காலத்தில் ஒரே ராஜதானி. தியாகராய நகருக்கு நடுவே பூங்காவுக்குப் பெயராக நிற்கிறாரே பனகல் அரசர், அவர் பிறந்த காளத்தி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1956-ல் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. மொழிவழி மாநிலம் நாம் வரவேற்ற ஏற்பாடு. அதில் நமக்கு மனக்குறை இல்லை. ஆனால், கோடு போட்டபோது குடும்பங்களும் இருபுறமும் பிரிந்தன. நெல்லூரில் தாத்தா, அடையாற்றில் பேரன். பாலக்காட்டில் தாய்மாமன், மயிலையில் மருமகன் என்பது இந்நகரத்தின் இயல்பு. சொத்துப் பத்திரம் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. துப்பாக்கி தாண்டும்போதுதான் தடுமாற்றம்.

இந்தச் சட்டத்தின் பாட்டன் யார் என்பதையும் நினைவூட்ட விரும்புகிறோம். 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்தது அன்றைய ஆயுதச் சட்டம். இந்தியன் என்றால் லைசென்சு வேண்டும். ஐரோப்பியன் என்றால் விலக்கு உண்டு! அதே ஆண்டில் அதே பிரபுதான் தாய்மொழி ஏடுகளின் வாயைக் கட்டவும் ஒரு சட்டம் செய்தார். கையைக் கட்ட ஒன்று, வாயைக் கட்ட ஒன்று! பின்னர் வந்த ரிப்பன் பிரபு பத்திரிகைச் சட்டத்தை நீக்கினார். அவர் பெயரால் நம் மாநகராட்சி மாளிகை இன்றும் நிற்கிறது. ஆயுதச் சட்டம் மட்டும் அவருக்குப் பிறகும் நீடித்தது. அதைக் காந்தியாரே 1918-ல் கடுமையாகச் சாடினார். சுதந்தரம் வந்த பிறகு 1959-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. நிறபேதம் போயிற்று, நல்லது. நெறி தெரியாமல் குடிமகன் அலைவது மட்டும் போகவில்லை.

நெறி என்ன? சட்டத்தின் 21-ம் பிரிவு கூறுவது இது: துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமை அற்றுப்போனால், வீண் தாமதமின்றி அருகிலுள்ள போலீசு நிலையத்திலோ, லைசென்சு பெற்ற வணிகரிடமோ அதை ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். வாரிசுக்கு அதைத் திரும்பப் பெறும் உரிமையும், தக்கவருக்கு விற்கும் உரிமையும் உண்டு. ஆனால், குறித்த காலம் கடந்தால் பொருள் பறிபோகும்.

2016-ம் ஆண்டு விதிகளில் 25-ம் விதி, மறைந்தவரின் வாரிசுக்கு லைசென்சு வழங்க இடமளிக்கிறது. தந்தை உயிரோடு இருக்கும்போதே, எழுபது வயது எட்டியதும், அல்லது துப்பாக்கி வைத்திருந்து இருபத்தைந்து ஆண்டு ஆனதும், தம் வாரிசு ஒருவரை அவர் குறிப்பிடலாம். எத்தனை வீடுகளில் இது தெரியும்? தெரிந்திருந்தால் எத்தனை பேர் அலைச்சலிலிருந்து தப்பியிருப்பார்கள்!

மனு கொடுக்கவேண்டிய இடம், வாரிசு குடியிருக்கும் ஊரின் அதிகாரியிடம். மாவட்டங்களில் அவர் கலெக்டர். சென்னையில் போலீசு கமிஷனர். வாரிசுச் சான்று, மற்ற பங்காளிகளின் சம்மதம், மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி, போலீசு அறிக்கை ஆகிய யாவும் வேண்டும். லைசென்சு கைக்கு வந்த பின்னரே, உரிய அனுமதியோடு, தோட்டா நீக்கிய நிலையில், துப்பாக்கி எல்லை தாண்டவேண்டும். முதலில் காகிதம், பிறகு துப்பாக்கி! இந்த வரிசை மாறினால் வழக்கு.

இங்கேதான் நம் இயக்கம் காலங்காலமாகச் சொல்லிவரும் கருத்து மெய்யாகிறது. ஆயுதம் என்பது அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் ஐந்தாவது இனம். போலீசும் பொது அமைதியும் மாநிலப் பட்டியலில். சட்டம் செய்வது டில்லி. விசாரணைக்கு அலைவது மாநிலப் போலீசு. ஏச்சு வாங்குவதும் அவர்களே. அதிகாரம் ஓரிடம், பொறுப்பு ஓரிடம் என்பதை மாற்றத்தானே 1969-ல் ராஜமன்னார் குழு அமைந்தது? 2025-ல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மற்றொரு குழுவும் அமைந்ததே!

டில்லி மனம் வைத்தால் வளைந்து கொடுக்கும் என்பதற்கும் சான்று உண்டு. குடகில் குடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் வெள்ளையர் காலத்திலிருந்தே துப்பாக்கி லைசென்சிலிருந்து விலக்கு. 2019-ல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. அவர்களுடைய மரபைக் குறைசொல்ல நாம் வரவில்லை. அந்த அளவு சலுகையையும் நாம் கேட்கவில்லை. கேட்பது தெளிவு ஒன்றே.

நமது கோரிக்கைகள் எளியவை. ஒன்று: லைசென்சுதாரர் இறந்தால் செய்யவேண்டியதைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு போலீசு நிலையத்திலும் ஒட்டவேண்டும், அண்டை மாநிலங்களும் தத்தம் மொழியில் ஒட்டட்டும். இரண்டு: லைசென்சுதாரர் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்து நாடு முழுதுக்கும் ஒரே பதிவேடு வைத்திருக்கிறார்களே, அதன் வழியே இரு மாநில அதிகாரிகளும் தமக்குள் விசாரித்துக்கொள்ளட்டும், காகிதக் கட்டைச் சுமந்து வாரிசு பேருந்து ஏறவேண்டாம். மூன்று: போலீசு அறிக்கைக்கு விதி குறித்துள்ள முப்பது நாள், ஏட்டில் மட்டுமன்றி நாட்டிலும் நடக்கட்டும். நான்கு: வேண்டாம் என்று ஒப்படைக்க வருபவரைக் குற்றவாளியைப்போல் நிறுத்தி வைக்காமல், நாற்காலி கொடுத்து உட்காரவைத்து ரசீது தரட்டும்.

நம் வாசகர்களுக்கும் ஒரு சொல். ‘பரம்பரைத் துப்பாக்கி’ என்று சுவரில் மாட்டி, ஆயுத பூசையன்று பொட்டு வைத்து, வந்தவரிடம் மீசை முறுக்குவதில் பெருமை ஏதும் இல்லை. அது மிட்டாமிராசுகளின் மிச்சம். மாடவீதியில் காட்டுப்பன்றி வருவதில்லை. பாண்டி பஜாரில் புலி உலவுவதில்லை. 1967 ஜனவரி 12-ல் இராமாவரம் தோட்டத்தில் வெடித்த துப்பாக்கி, புகழ்பெற்ற இருவர் வாழ்வை ஒரே கணத்தில் எப்படிப் புரட்டிப்போட்டது என்பதை இந்நகரம் மறக்கவில்லை. துப்பாக்கி வேண்டும் என்பவர் சட்டப்படி பெறட்டும். வேண்டாதவர் தயங்காமல் ஒப்படைக்கட்டும்.

அம்மையாருக்கு நம் மறுமொழி இதுதான். முதலில் கிராமத்துப் போலீசு நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு அமைதியாக யோசியுங்கள். தகப்பனார் விட்டுச்சென்ற உண்மையான சொத்து அந்த இரும்புக் குழல் அன்று. “கள்ளத்தனம் கற்கமாட்டேன்” என்று உங்களைச் சொல்லவைத்த நேர்மை. அதற்கு லைசென்சு தேவையில்லை. எந்த எல்லையிலும் அதைத் தடுப்பாரும் இல்லை!