சுட்டெடுத்த நாடா

கோரமண்டலில் வளர்ந்தவர்களிடம் பாறை வெடிப்பு என்றால் விளக்கத் தேவையில்லை. அழுத்தம் தாங்காமல் சுரங்கத்துக்குள் பாறை உடையும். மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருளும். ஷிஃப்டுக்குப் போனவர் திரும்பும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் தண்ணீர் நிரம்பிய அந்தப் பாதாளத்தின் மேல்தான் ஊர் இன்னும் இருக்கிறது. எந்த இடம், எப்போது, எவ்வளவு குலுங்கியது என்ற பழைய கணக்கு வெறும் சரித்திரம் அல்ல.

அந்தக் கணக்கில் ஒரு பகுதி கவுரிபிதனூரில் எழுதப்பட்டது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், 1965இல் பிரிட்டன் ஒத்துழைப்புடன் இந்திய அணுசக்தித் துறை அங்கே 20 அதிர்வுமானிகளை நிறுவியது. பிற நாடுகள் பூமிக்கடியில் நடத்தும் அணுகுண்டுச் சோதனைகளை மோப்பம் பிடிப்பது நோக்கம். குண்டுக்காக வைத்த காதில் கோலாரும் விழுந்தது. பதிவானது காந்த நாடாவில்.

நாடா என்பது என்ன? பிளாஸ்டிக் பட்டையில் பசை போட்டு ஒட்டிய இரும்பு ஆக்சைடு. பச்சையாகச் சொன்னால், துரு. தகவல் துருவில் பத்திரமாகவே இருக்கும், கெடுவது பசை. 1970களிலும் 80களிலும் தயாரான பல நாடாக்களின் பாலியூரித்தேன் பசை, காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் கிறீச்சிடும். துரு உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். உரிந்தது போனதுதான்.

வைத்தியம் வேடிக்கையானது. நாடாவைச் சுமார் 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் வைத்துச் சுடுகிறார்கள். ஈரம் போகும், பசை சில வாரங்களுக்கு இறுகும். அதற்குள் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். எல்லா நாடாவுக்கும் இது ஆகாது. வினிகர் வாடை அடிக்கும் பழைய அசிடேட் நாடாவைச் சுட்டால் சுருண்டு பாழாகிவிடும்.

நாடா பிழைத்தாலும் ஓட்ட மெஷின் வேண்டுமே? 1966-67இல் அமெரிக்காவின் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் எடுத்த நிலாப் படங்களின் நாடாக்கள் சுமார் 1,500 இருந்தன. ஓட்டக்கூடிய ஆம்பெக்ஸ் மெஷின்களை நான்ஸி எவன்ஸ் என்ற முன்னாள் நாசா ஊழியர் பல வருடங்கள் தன் பொறுப்பில் காப்பாற்றி வைத்திருந்தார். நான்கைப் பிரித்து ஒன்றாக்கி, மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் வைத்து ஓட்டினார்கள். 2008இல் முதல் படம் வந்தது: நிலாவின் விளிம்பில் பூமி. 1966இல் வெளியானதைவிடத் தெளிவாக.

நம் அலுவலகங்களில் நடப்பது வேறு. முதலில் மெஷின் காயலான் கடைக்குப் போகும். ‘படிக்க வழியில்லை’ என்று குறிப்பெழுதி நாடாவும் பின்னாலேயே போகும்.